கிழடு தட்டியது எந்தப் பாகம்?

வீட்டு மேசையில் பத்துப் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் தகராறு செய்ய ஆரம்பித்தால் நடப்பது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ‘ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொல்வார்கள். போட்டபின் ஒரு மாதம் ஓடும், மறுபடி ஹேங் ஆகும். அடுத்த தீபாவளி ஆஃபரில் ஒரு லேப்டாப் வந்து இறங்கும். பழைய சிபியு பரணுக்குப் போகும், நன்றாக இருக்கும் மானிட்டரும் கூடவே ஏறிவிடும். இதற்கிடையில் ஒரு கேள்வியை யாரும் கேட்பதே இல்லை: அந்தக் கம்ப்யூட்டரில் கிழடு தட்டியது எந்தப் பாகம்? கம்ப்யூட்டர் மொத்தமாக ஒரே நாளில் மூப்படைவதில்லை. டிஸ்க்குக்கு ஓர் ஆயுள், பவர் சப்ளைக்கு ஓர் ஆயுள், பிராசஸருக்கு வேறோர் ஆயுள். எது போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டு மாற்றுத் தேடினால், பெரும்பாலான வீடுகளுக்குக் கிடைக்கும் விடை ஷோரூமில் காட்டுவதைவிடச் சின்னதாகவும் மலிவாகவும் இருக்கும் என்பது என் கட்சி.

கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பிராசஸர் பத்துப் பதினைந்து சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி ஆகிறது. வேண்டிய தகவல் ஊசிமுனைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஊசி சரியான தடத்துக்கு நகர எட்டு, ஒன்பது மில்லிவிநாடி. ஆக, சிதறிக் கிடக்கும் துண்டுகளை விநாடிக்கு எண்பது, நூறு என்ற அளவில்தான் அதனால் பொறுக்க முடியும். விண்டோஸோ எழுந்து உட்காருவதற்கே ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கிறது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி, மலிவான சாட்டா ரகமாக இருந்தாலும், விநாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துத் தரும். இரண்டு மூன்று நிமிடம் எடுத்த துவக்கம் அரை நிமிடத்துக்குள் முடிவதற்குக் காரணம் இதுதான். ஃபார்மட் போடுவதால் தட்டின் சுழற்சி வேகம் கூடப்போவதில்லை.

ரேம் 4 ஜிபியாக இருந்தால் அதையும் 8 ஆக்க வேண்டும். இன்றைய பிரௌசரில் நாலு பக்கம் திறந்தாலே 4 ஜிபி நிறைந்துவிடுகிறது. நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் இறக்கி வைக்க, சுமை மறுபடி அதே தட்டின் தலையில் விழுகிறது. வேறு சில கோளாறுகள் இதைவிட அற்பமானவை. ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்கு ஓடிப்போய், எஃப்1 அழுத்தச் சொல்லி, வங்கித் தளம் ‘பாதுகாப்பற்றது’ என்று மிரட்டினால், மதர்போர்டில் இருக்கும் காசு அளவு சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று பொருள். சில பத்து ரூபாய் விஷயம். அரை மணி ஓடியதும் தானாக அணைந்தால் பிராசஸர் விசிறியில் அடைந்த தூசியையும் அதன் அடியில் காய்ந்துபோன பேஸ்டையும் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் போர்டில் நிற்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அந்தப் போர்டுக்குச் செலவு செய்வது வீண்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு வன்பொருளைப் பற்றியதல்ல. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் இந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. ‘எஸ்எஸ்டி போட்டு வேகம் வந்து என்ன பயன், பாதுகாப்பு இல்லையே’ என்று கேட்பவர் கேட்பது நியாயம். நெட் பேங்கிங் நடக்கும் கம்ப்யூட்டரைத் திருத்தம் இல்லாமல் ஓட்டச் சொல்ல மாட்டேன். குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி ஏற்றியதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை, கோர் 2 டுவோ காலத்துப் பிராசஸர்களில் 24எச்2 பதிப்பு துவங்கவே துவங்காது. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் இந்த இடத்தில் நேர்மையான வழி. பிரௌசர், யூடியூப், தமிழ்99 தட்டச்சு, கடிதம், கணக்குத்தாள் எல்லாம் அதில் நடக்கும். டேலியும் பேஜ்மேக்கரும் அதில் நேரடியாக ஓடா. பழைய தமிழ் எழுத்துருக்களில் அழைப்பிதழ் அடிக்கும் டிடிபிக்காரருக்கு லினக்ஸைப் பரிந்துரைப்பது அவர் பிழைப்பில் கை வைப்பதாகும்.

ஆக, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர், லினக்ஸ் ஒத்துவராத வேலை, இரண்டும் சேர்ந்தால் மாற்ற வேண்டியதுதான். அப்போதும் மாற்ற வேண்டியது பெட்டி ஒன்றை மட்டுமே. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர் எல்லாம் அப்படியே இருக்கட்டும். லேப்டாப் வாங்குகிறவர் ஏற்கெனவே வைத்திருக்கும் திரைக்கும் கீபோர்டுக்கும் இன்னொரு முறை விலை கொடுக்கிறார். போதாததற்கு, மேசையைவிட்டு நகராத லேப்டாப் நாள் முழுக்கச் சார்ஜரில் கிடக்கும். நிறைந்த சார்ஜும் நம் ஊர் வெயிலும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரமே தளர்ந்துவிடும். ‘கரண்ட் போனால் லேப்டாப்தானே கைகொடுக்கும்’ என்பார்கள். அதற்கு யுபிஎஸ் இருக்கிறது. பழைய சிபியுவும் மானிட்டருமாக 100 வாட் இழுத்த இடத்தில் சின்னப் பெட்டியும் மானிட்டரும் 35 வாட் இழுத்தால், அதே யுபிஎஸ் ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் தாங்கும். கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளை இருந்தால் கதை வேறு. அது பழைய கம்ப்யூட்டருக்கு மாற்று அல்ல, தனித் தேவை.

சின்னப் பெட்டி என்று நான் சொல்வது டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவா திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி போன்றவை. தடித்த அகராதி அளவுதான் இருக்கும், லேப்டாப் அடாப்டரில் ஓடும். பெரிய அலுவலகங்கள் இவற்றை மூன்று முதல் ஐந்து வருடத்தில் கழித்துவிடும்போது, துடைத்துச் சரிபார்த்து ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை வந்து சேர்கின்றன. அடுத்தவர் கழித்ததை நாம் ஏன் வாங்க வேண்டும் என்ற தயக்கம் இயல்பானது. ஆனால் அலுவலகத்தில் ஏசி அறையில், எக்செல்லும் மெயிலும் பார்த்த பெட்டியில் அதிகம் தேய்வது டிஸ்க்கும் விசிறியும்தான், இரண்டையும் மாற்றலாம். இவற்றை வாங்க இன்னொரு காரணம் ரேம் விலை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரிச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் வீட்டுப் பயனருக்கான குரூசியல் விற்பனையையே கைவிடப் போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இந்தச் சூழலில் 8 அல்லது 16 ஜிபி ஏற்கெனவே மாட்டியிருக்கும் பழைய பெட்டிக்குத் தனி மதிப்பு உண்டு.

கடையில் ‘ஐ5 சார், ஐ7 சார்’ என்ற பேச்சில் மயங்கக் கூடாது. அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை, ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, ஐ5-10400 என்றால் பத்தாம் தலைமுறை. மூன்றாம் தலைமுறை ஐ7-ஐவிட எட்டாம் தலைமுறை ஐ3 வீட்டுக்கு உகந்தது, விண்டோஸ் 11 ஏறும் என்ற ஒரே காரணத்துக்காகவே. பெட்டியைக் கடையிலேயே இயக்கச் சொல்லி, விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, கிராக் போட்டதா என்று கேட்க வேண்டும். எழுத்தில் வாரண்டி தராத கடையில் எதுவும் வாங்க வேண்டாம். பின்பக்கத் துளைகளையும் பாருங்கள்: உங்கள் மானிட்டரில் நீல விஜிஏ ஒயர் மட்டும் இருந்து, பெட்டியில் டிஸ்பிளேபோர்ட்தான் இருந்தால் ஒரு கன்வெர்ட்டரும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

புதிதுதான் வேண்டும் என்பவர்க்கு இன்டெல் என்100 போன்ற பிராசஸர் போட்ட மினி பிசிக்கள் இருக்கின்றன. 2023-இல் வந்த இந்தச் சில்லுக்குக் குறிக்கப்பட்ட மின்திறன் வெறும் 6 வாட். வீட்டு வேலைக்குப் போதும், படிக்கும் பிள்ளைக்கும் போதும். மின்சாரம் மிச்சமாகிறது என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம். 80 வாட் பெட்டி தினம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 29 யூனிட், 15 வாட் பெட்டி சுமார் 5 யூனிட். மிச்சமாகும் 24 யூனிட்டால் பில்லில் பெரிய வித்தியாசம் தெரியாது. வீடியோ எடிட்டிங்கும் பெரிய கேம்களும்தான் பிரதான வேலை என்றால் இந்தக் கட்டுரையின் கணக்கே செல்லாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு நுழையும் பெரிய கேபினெட்டை அசெம்பிள் செய்வதே அவர்களுக்குச் சரி.

எந்த வழியில் போனாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சிபியுவோடு சேர்த்துக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஆதார் நகல், பாஸ்போர்ட் போட்டோ, பத்து வருடக் கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். நாலு திருகைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். 3.5 அங்குல டிஸ்க்குக்கான யுஎஸ்பி கேஸ், தனி அடாப்டரோடு கிடைக்கிறது. அதில் மாட்டிப் படங்களையும் ஆவணங்களையும் புதுப் பெட்டிக்கு எடுத்துவைத்து, திறந்து பார்த்து உறுதி செய்தபின், டிஸ்க்கை முழுமையாக அழித்துவிட்டு எலெக்ட்ரானிக் கழிவு வாங்கும் பதிவுபெற்ற மையத்தில் கொடுக்கலாம். குவிக் ஃபார்மட் போட்டால் அழிந்துவிடாது. இலவச மென்பொருள் ஒன்றை வைத்தே பெரும்பாலானதை மீட்டெடுத்துவிடுவார்கள்.