கதை எழுத ஆசைப்படறவங்களுக்கு இணையத்துல என்ன இருக்கு?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

திருவண்ணாமலையிலிருந்து பேசறேன். நமக்கு அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "கதை எழுதணும்னு ஆசை. யார்கிட்ட கத்துக்கறது? இணையத்துல உதவியா ஏதாவது இருக்கா?" கேக்கறவங்கள்ல நிறைய பேர் செங்கம், போளூர், தண்டராம்பட்டு பக்கத்து ஆளுங்க. பக்கத்துல பெரிய புத்தகக் கடை கிடையாது. சென்னைக்குப் போய்ப் பயிலரங்குல உக்கார நேரமும் காசும் கிடையாது. கையில ஒரு போன் இருக்கு, அவ்வளவுதான். அந்தப் போனை வெச்சு என்ன செய்யலாம்னு இன்னிக்குப் பாக்கலாம்.

"சிறுகதை எழுதுவது எப்படி"ன்னு தேடினா வீடியோ கொட்டும். காசு கட்டச் சொல்ற வகுப்பும் நடுவுல வரும். அதையெல்லாம் கொஞ்ச நாள் ஒதுக்கி வைங்க. எழுத வர்றவங்களுக்கு முதல்ல வேண்டியது நாலு விஷயம். படிக்க நல்ல கதை, கேக்க ஒரு குரல், சரியான சொல், எழுதினதைப் படிச்சுட்டு உண்மையைச் சொல்ற ஒரு ஆள். முதல் மூணும் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. நாலாவதை நாமதான் தேடிப் பிடிக்கணும்.

படிக்க: பாக்கெட்ல ஒரு நூலகம்

மதுரைத் திட்டம் 1998 பொங்கல் அன்னிக்கு ஆரம்பிச்சது. சுவிட்சர்லாந்துல இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கி வெச்சார். உலகம் முழுக்க இருக்கற தன்னார்வலர்கள் சம்பளம் வாங்காம தட்டச்சு பண்ணிப் பிழை திருத்தி ஏத்தினாங்க. சங்க இலக்கியத்திலிருந்து புதுமைப்பித்தன் கதைகள் வரைக்கும் அங்க படிக்கலாம்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம் தமிழக அரசோடது. அரசு நாட்டுடைமை ஆக்கின எழுத்தாளர்களோட நூல்கள் அங்க கிடைக்கும், பழைய இதழ்களும் இருக்கு. ஈழத்து எழுத்து வேணும்னா 'நூலகம்'ங்கற தளம் இருக்கு. 2005லிருந்து இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க. நவீனச் சிறுகதைகளுக்கு 'அழியாச் சுடர்கள்'. போன்ல இறக்கிப் படிக்க 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்'.

இவ்வளவு இருந்தா எங்க ஆரம்பிக்கறதுன்னு திகைப்பு வரும். புதுமைப்பித்தனோட 'ஒரு நாள் கழிந்தது'ல ஆரம்பிங்க. பட்டணத்துல எழுதிப் பிழைக்கற முருகதாசர்ங்கற ஒருத்தரோட ஒரே ஒரு நாள். பெரிய சம்பவம் ஒண்ணும் கிடையாது. கையில காசில்லாத வீடு, பொண்டாட்டி, ஒரு சின்னப் பொண்ணு, வந்து போற நண்பர்கள். இதுல எப்படிக் கதை வந்துச்சுன்னு யோசிச்சுக்கிட்டே ரெண்டாவது தடவை படிங்க. "என் வாழ்க்கையில எழுதறதுக்கு என்ன இருக்கு"ங்கற தயக்கம் அங்கயே கொஞ்சம் விட்டுப் போயிடும்.

கேக்க: ஒரே கதை, மூணு சுத்து

இங்க நம்ம ஊருக்கே ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஜெயமோகன் 2011 ஆரம்பத்துல தன்னோட இணையதளத்துல வரிசையா சில கதைகள் எழுதினார். அதே வருஷம் 'அறம்'ங்கற தொகுப்பா அதைப் போட்டது திருவண்ணாமலை வம்சி பதிப்பகம். அந்தக் கதைகளை இந்த ஊர் எழுத்தாளர் பவா செல்லதுரை மேடையில வாயால சொன்னார். அது வீடியோவா யூடியூப்ல இருக்கு. இணையத்துல பிறந்த கதை, புத்தகமாகி, குரலாகி, மறுபடி இணையத்துக்கே வந்திருக்கு. எல்லா வடிவமும் நமக்கு எட்டற தூரத்துல இருக்கு. இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேற எங்க கிடைக்கும்?

பயிற்சி இதுதான். 'சோற்றுக்கணக்கு' கதையை எடுத்துக்குங்க. திருவனந்தபுரத்துல கெத்தேல் சாகிப்னு ஒருத்தர் சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கார். பில் கிடையாது. ஒரு உண்டியல் இருக்கும். முடிஞ்சதைப் போடலாம், போடாமலும் போகலாம். அங்க சாப்பிட வர்ற ஏழை மாணவனுக்கு இன்னொரு பக்கம் சொந்தக்கார மாமி வீட்டுச் சாப்பாட்டு அனுபவமும் உண்டு. அந்த வீட்டுல ஒவ்வொரு பிடிக்கும் கணக்கு. முடிவை நான் சொல்லப் போறதில்லை.

முதல் சுத்து, கதையைப் படிங்க. ரெண்டாவது சுத்து, அதை மூடி வெச்சுட்டு வீட்டுல யாருக்காவது பத்து நிமிஷத்துல சொல்லுங்க, போன்ல பதிவு பண்ணிக்குங்க. மூணாவது, பவா 'அறம்' கதைகளைச் சொல்றதைக் கேளுங்க. அப்புறம் உங்க பதிவைப் போட்டுப் பாருங்க.

எங்க ஆரம்பிச்சீங்க? எதை மறந்தீங்க? மறந்தது கதைக்குத் தேவையா இருந்துச்சா? எந்த இடத்துல கேட்டவங்க நிமிர்ந்து உக்காந்தாங்க? வாயால சொல்றவருக்குக் குரல் இருக்கு, கண்ணு இருக்கு, எதிர்ல இருக்கற முகத்தைப் பார்த்து நீட்டலாம், நிறுத்தலாம். எழுதறவருக்கு அது எதுவும் இல்லை. எதை முன்னாடி சொல்றது, எதைப் பின்னாடி வெக்கறது, எந்தச் சொல்லைப் போடறது, இவ்வளவுதான் அவர் கையில. சாகிப் அள்ளி அள்ளி வெக்கறார். அவர் எப்படிப்பட்டவர்னு அந்தக் கை நமக்குச் சொல்லிடுது. வாயால சொல்லும்போது நீங்க "அவர் ரொம்ப நல்லவரு"ன்னு ஒரு வரி சேர்த்திருப்பீங்க, பாருங்க. அந்த வரி இல்லாமலே அது எப்படித் தெரியுதுங்கறதுதான் பாடம்.

சொல்: மல்லாட்டையா, வேர்க்கடலையா?

சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன் 1924லிருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்துச்சு. ஒரு லட்சத்துக்கு மேல சொல் இருக்கு. அதை இப்ப சிகாகோ பல்கலைக்கழகத்தோட தளத்துல போன்லயே தேடலாம். ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழைக்கு நீச்சல்காரன் உருவாக்கின 'நாவி', 'வாணி' ரெண்டும் இருக்கு. பத்திரிகைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை அதுல போட்டுப் பாருங்க.

ஆனா ஒரு விஷயத்துல உஷாரா இருக்கணும். இந்தக் கருவிகள் பொதுத்தமிழுக்குச் செஞ்சது. உங்க கதையில ஒரு பாட்டி பேசறாங்க. அவங்க வேர்க்கடலைன்னு சொல்வாங்களா? நம்ம பக்கம் அது மல்லாட்டை. மணிலாக்கொட்டைங்கறது வாய்ல உருண்டு உருண்டு மல்லாட்டை ஆச்சு. கடல் தாண்டி வந்த ஒரு பயிரோட கதையே அந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு. பிழைதிருத்தி அடிக்கோடு போட்டாலும் சரி, ஏஐ அதை 'நிலக்கடலை'ன்னு மாத்திக் குடுத்தாலும் சரி, பாட்டியோட வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்கிடாதீங்க.

வட்டாரச் சொல்லைச் சேர்த்து வெச்சவங்க இருக்காங்க. கி. ராஜநாராயணன் கரிசலுக்கும், பெருமாள்முருகன் கொங்குக்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் அகராதி போட்டிருக்காங்க. நீங்களும் போன்ல ஒரு நோட் திறந்து, வீட்டுல காதுல விழற சொல்லைத் தேதியோட எழுதி வைங்க. இந்தப் பட்டியல் எந்த இணையதளத்துலயும் கிடைக்காது.

சொல்தேர்வு ஒரு நாவலையே எப்படி மாத்தும்னு பாக்க, நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் உண்டு. மனோஜ் குரூர் மலையாளத்துல சங்க காலத்தை வெச்சு ஒரு நாவல் எழுதினார். சமஸ்கிருதச் சொற்களைத் தவிர்த்து எழுதினார். திருவண்ணாமலையில இருக்கற கே.வி. ஜெயஸ்ரீ அதை 'நிலம் பூத்து மலர்ந்த நாள்'னு தமிழுக்குக் கொண்டு வந்தாங்க. அதுக்கு 2019ஆம் வருஷத்துக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருது கிடைச்சது.

உண்மை சொல்ற ஒரு ஆள்

பிரதிலிபி மாதிரி தளங்கள்ல கதையை ஏத்தினா உடனே வாசகர் வருவாங்க. நல்ல விஷயம்தான், எழுதற பழக்கம் நிக்காம ஓடும். ஆனா "சூப்பர், அடுத்த பாகம் எப்போ"ங்கறது விமர்சனம் ஆகாது. எண்ணிக்கை ஏறுறதுக்காகவே எழுதினா, நீங்க எழுத வந்த கதை ஓரமாப் போயிடும்.

உங்களைப் போல எழுத ஆரம்பிச்ச மூணு பேரைச் சேருங்க. வாட்ஸப் குழு போதும். மாசம் ஒருத்தர் ஒரு கதை போடணும். மத்தவங்க மூணு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும். எங்க போரடிச்சுது? எங்க புரியலை? எந்த இடம் மனசுல நின்னுது? "நல்லா இருக்கு"ன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னு விதி வெச்சுக்குங்க. ஒரு வருஷத்துல நீங்க மூணு கதை எழுதியிருப்பீங்க, மத்தவங்களோட ஒன்பது கதையைப் பிரிச்சுப் பாத்திருப்பீங்க. அந்த ஒன்பதுலதான் கத்துக்கறது அதிகம்.

கதை தயாரானதும் இணைய இதழ்களுக்கு அனுப்பலாம். 2009லிருந்து வர்ற 'சொல்வனம்' இருக்கு, மலேசியாவிலிருந்து 'வல்லினம்' வருது. அனுப்பறதுக்கு முன்னாடி அந்த இதழ்ல ஏற்கெனவே வந்த அஞ்சு கதையாவது படிங்க. அப்பதான் உங்க கதைக்கு அது சரியான இடமான்னு தெரியும். ஆங்கிலம் புரியும்னா, பிராண்டன் சாண்டர்சன்ங்கற நாவலாசிரியர் பல்கலைக்கழகத்துல எடுத்த வகுப்புகள் யூடியூப்ல முழுசா இருக்கு. கதைப்பின்னல் பத்தி நல்லா சொல்வார். ஒதுக்கி வைங்கன்னு சொன்ன வகுப்புகளுக்கு இதுதான் சரியான நேரம், நாலு கதை எழுதின பிறகு.

கையெழுத்துக்கு முன்னாடி

கடைசியா சட்டம். முதல் கதைத் தொகுப்பு வரணும்ங்கற அவசரத்துல பலர் படிக்காமலே கையெழுத்துப் போடறாங்க. இந்தியாவுல 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, கதையை எழுதின உடனேயே உரிமை உங்களோடது. பதிவு பண்றது கட்டாயம் கிடையாது. உரிமையை இன்னொருத்தருக்கு மாத்திக் குடுக்கணும்னா எழுத்துல, உங்க கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷம்னு அதுல குறிப்பிடலைன்னா சட்டம் அஞ்சு வருஷம்னு எடுத்துக்கும். எந்த நாட்டுக்குன்னு குறிப்பிடலைன்னா இந்தியாவுக்கு மட்டும்தான். அதனால ஒப்பந்தத்துல "நிரந்தரமாக", "உலகம் முழுவதும்", "அனைத்து வடிவங்களிலும்"னு வார்த்தை இருந்தா அங்க நிறுத்தி, ஏன்னு கேளுங்க. புத்தகம் போட உங்ககிட்டயே மொத்தமாப் பணம் கேட்டா, எத்தனை பிரதி, எங்கெல்லாம் விற்பனைக்குப் போகும், உங்களுக்கு எவ்வளவு வரும்னு எழுத்துல வாங்குங்க. அந்தக் கதை நாளைக்கு மொழிபெயர்ப்பாகலாம், ஆடியோவாகலாம், சினிமாவாகலாம். அப்ப அது உங்க கையில இருக்கணும்.

இந்த வாரத்துக்கான வேலையைச் சொல்லிடறேன். 'ஒரு நாள் கழிந்தது' படிங்க. 'சோற்றுக்கணக்கு' படிச்சு ஒருத்தருக்குச் சொல்லுங்க. வீட்டுல காதுல விழுந்த பத்துச் சொல்லை எழுதி வைங்க. அதுல ஒரு சொல்லை யார் சொன்னாங்க, எப்போ, எதுக்காகன்னு அரைப்பக்கம் எழுதிப் பாருங்க. எழுதினதை உங்க குழுவுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.