கடைக்கால் தோண்டுமுன்

வேலம்பாளையத்தில் இன்று கடைக்கால் தோண்டப்படாத வீதி அரிது. பனியன் கம்பெனிகளும், அவற்றில் உழைப்போர் குடியிருக்கும் வீடுகளும் நாளுக்கு நாள் எழும்புகின்றன. பலருக்குப் பிழைப்பளிக்கும் இவ்வளர்ச்சிக்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். ஆயினும் நாம் தோண்டும் மண், நமக்கு முன் வாழ்ந்தோரையும் தாங்கிய மண் என்பதை மறத்தல் ஆகாது.

நமது நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே கொடுமணல் என்னும் சிற்றூர் உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985ஆம் ஆண்டு முதல் அங்கு அகழாய்வு செய்தனர். இரும்பு உருக்கிய உலைகள், வண்ணக்கல் மணிகள், எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், பெருங்கற்காலக் கல்லறைகள் ஆகியன வெளிப்பட்டன. நூல் நூற்கும் தக்களியின் வில்லைகளும் கிடைத்தன. நூலை நம்பி வாழும் நமக்கு இது சொந்தக் குடும்பத்துச் செய்தியன்றோ!

பெரும் பணிகளுக்கு முன் மண்ணை ஆராய்தல் புதிய வழக்கமன்று. கிருஷ்ணா நதியில் நாகார்ஜுனசாகர் அணை எழவிருந்தபோது, நீரில் மூழ்கவிருந்த நாகார்ஜுனகொண்டாப் பள்ளத்தாக்கை 1954 முதல் 1960 வரை தொல்லியல் துறையினர் அகழ்ந்தனர். கற்காலக் கருவிகள் முதல் புத்த விகாரங்கள் வரை வெளிவந்தன. முக்கியமான சின்னங்கள் சிலவற்றைப் பெயர்த்தெடுத்து மேட்டு நிலத்தில் மீண்டும் அமைத்தனர். அணையும் எழுந்தது, வரலாறும் பிழைத்தது.

எகிப்தை விட்டுப் புறப்பட்ட அந்த அவசர இரவிலும், மோசே யோசேப்பின் எலும்புகளை மறவாது எடுத்துச் சென்றாரென விடுதலைப் பயண நூல் கூறுகிறது. கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றும் நாம், பெயரறியா முன்னோரின் தாழியை மண்வெட்டியால் உடைத்தெறியலாமா?

தாழி கண்டால் பொன் இருக்குமென்று உடைப்போர் உண்டு. வேலை நின்றுவிடுமென்று அஞ்சி மூடுவோரும் உண்டு. கூலியை நம்பியிருப்போரின் கவலை நமக்குப் புரியாததன்று. எனினும், உடைந்த தாழியைப் பணம் கொடுத்து மீட்க இயலாது. மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டுமென 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமே பணிக்கிறது.

ஆகவே, அன்பார்ந்த குடும்பத்தாரே, கறுப்பு சிவப்புப் பானையோ, வட்டமாய் நட்ட கற்களோ தென்பட்டால், அவ்விடத்தில் மட்டும் கையை நிறுத்துங்கள். கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லுங்கள். ஆலயத்திற்கோ பள்ளிக்கோ நாம் கடைக்கால் எடுக்கும்போதும் இதையே கடைப்பிடிப்போம். இறந்தோரை மதிக்கும் ஊரில் எழும் வீட்டிற்கு இறைவனின் ஆசி என்றும் உண்டு.