திரையைக் குலைக்கும் கட்டக் கணக்கு

டெர்மினலில் கட்டளைக்கு முன்னால் தெரியும் பிராம்ப்ட்டுக்குப் பச்சை நிறம் கொடுத்து அழகாக அமைத்திருப்பீர்கள். நீளமான ஒரு கட்டளையைத் தட்டியதும் எழுத்துகள் அடுத்த வரிக்கு இறங்காமல், அதே வரியின் தொடக்கத்துக்கு ஓடி, இருப்பதன் மேலேயே எழுதும். மேல் அம்புக்குறியை அழுத்திப் பழைய கட்டளைகளைப் புரட்டினால், பாதி எழுத்துகள் அழியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். கணினியில் பழுது எதுவும் இல்லை. கட்டங்களை எண்ணியதில்தான் பிழை.

டெர்மினல் திரை என்பது சம அளவுக் கட்டங்களின் வரிசை. 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி100 கருவியில் வரிக்கு 80 கட்டங்கள், மொத்தம் 24 வரிகள். இன்றைய டெர்மினல் மென்பொருள்கள் பெரும்பாலும் அதன் வழிமுறையையே பின்பற்றுகின்றன. கட்டளையை வாங்கும் ஷெல்லுக்குத் திரை தெரியாது. கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தானாகவே கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கும் டெர்மினலின் கணக்கும் ஒத்துப்போகாதபோது திரை குலைகிறது.

பச்சை நிறத்துக்கான குறியீட்டையே பாருங்கள்: எஸ்கேப், சதுர அடைப்பு, 3, 2, எம் என ஐந்து எழுத்துகள். நிறத்தை முடித்துவைக்க இன்னும் நான்கு. இந்த ஒன்பதும் திரையில் ஒரு கட்டத்தைக்கூட அடைப்பதில்லை. ஆனால், அதைச் சொல்லாவிட்டால் பாஷ் ஷெல் இவற்றையும் எண்ணிவிடும். வரி ஒன்பது கட்டம் முன்னதாகவே நிரம்பிவிட்டதாக நினைக்கும். ஒவ்வொரு நிறக் குறியீட்டுக்கும் முன்னால் \[ என்றும் பின்னால் \] என்றும் இட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

பிராம்ப்ட்டில் வைத்த சின்னங்களுக்குப் பதில் வெறும் பெட்டிகள் தெரிந்தால் காரணம் வேறு: அந்தச் சின்னங்கள் உள்ள எழுத்துரு டெர்மினலில் தேர்வாகவில்லை. பைனரி கோப்பைத் தவறுதலாகத் திரையில் கொட்டி, எழுத்தெல்லாம் கோடுகளாக மாறிவிட்டால், ‘ரீசெட்’ கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டி என்டரை அழுத்துங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

தமிழுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். யூனிகோட் தரவுப் பட்டியலில் ‘கி’யில் உள்ள கொக்கி இடம் அடைக்கும் குறி, ‘கீ’யில் உள்ள சுழி இடம் அடைக்காத குறி. இதை அப்படியே பின்பற்றும் மென்பொருளுக்குக் ‘கி’ இரண்டு கட்டம், ‘கீ’ ஒரே கட்டம். வேறு மென்பொருள்கள் இரண்டையும் ஒரே கட்டமாக எண்ணுகின்றன. ஷெல் ஒரு விதமாகவும் டெர்மினல் வேறு விதமாகவும் எண்ணினால், தமிழ்க் கோப்புப் பெயர் உள்ள கட்டளையைத் திருத்தும்போது கர்சர் தப்பான இடத்தில் நிற்கும்.

திரை குலைந்தால் அலங்காரம் முழுவதையும் அழித்துவிடாதீர்கள். ஷெல்லின் அமைப்புக் கோப்பின் வரிகளை ஒவ்வொன்றாக முடக்கிப் பாருங்கள். எந்த வரியை முடக்கியதும் திரை நேராகிறதோ, பிழை அங்கேதான். டெர்மினல் மென்பொருள் உருவாக்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெளியிடும் முன் ‘கி’, ‘கீ’ இரண்டையும் தட்டிப் பாருங்கள்.