பக்கத்து வீட்டு அஸ்திவாரம் உங்கள் மனைக்குள் வருகிறதா? சுவர் எழும்பும் முன் தடுங்கள்!

வெளியூரில் வேலை. சொந்த ஊரில் அப்பா வாங்கிப் போட்ட மனை. பொங்கலுக்கு வந்து பார்த்தால், பக்கத்து மனையில் தோண்டிய அஸ்திவாரக் குழி ஓர் அடி உள்ளே வந்திருக்கிறது. 'ஒரு அடிக்கெல்லாமா சண்டை?' என்று உறவினர்களே சமாதானம் சொல்வார்கள். ஆனால், இங்கே விட்டால் பிறகு மீட்பது கஷ்டம்.

முதலில், தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். பத்திரத்தில் உள்ள நான்கு பக்க அளவுகளைப் பட்டாவோடும் புல வரைபடத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். இவற்றைத் தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் பார்க்கலாம்.

அடுத்து, கட்டணம் செலுத்தி நில அளவைக்கு விண்ணப்பியுங்கள். சர்வேயர் அளக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் நடந்த தவறு என்றால் அங்கேயே பேசித் தீர்க்கலாம்.

அவர் கேட்கவில்லையா? வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு தொடுத்து, வேலையை நிறுத்த இடைக்காலத் தடை கேட்கலாம். அனுமதி பெற்ற வரைபடத்தை மீறிக் கட்டினால், மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள். கோபத்தில் நீங்களே இடித்தால், வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

வீடு முழுதாக எழும்பும் வரை சும்மா இருந்துவிட்டுப் போனால், இடிப்பதற்குப் பதில் நஷ்டஈடு தரச் சொல்லி நீதிமன்றம் முடித்துவிடவும் கூடும். ஆக்கிரமித்தவர் 12 ஆண்டுகள் வெளிப்படையாக, தொடர்ச்சியாக உரிமை கொண்டாடி அனுபவித்துவிட்டால், 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி அந்த இடம் கைநழுவும் அபாயமும் உண்டு.

எனவே, வருடத்துக்கு ஒருமுறையாவது மனையைப் போய்ப் பாருங்கள். எல்லைக் கல் இருக்கிறதா என்பதையும்!