அலெக்சாந்திரியா: காணுமுன் கற்க வேண்டிய நகரம்

பழம்பெரும் நகரொன்றைக் காணப் புறப்படுவோர், அங்கே எஞ்சி நிற்பனவற்றைப் பட்டியலிட்டுக்கொண்டு செல்வது வழக்கம். எகிப்து நாட்டின் வடகரையில், மத்தியதரைக் கடலை நோக்கி அமைந்துள்ள அலெக்சாந்திரியா நகருக்கு இம்முறை முற்றும் பொருந்தாது. அந்நகருக்கு உலகப் புகழ் ஈட்டித் தந்தவை மூன்று. அவை கலங்கரை விளக்கம், பெருநூலகம், மாமன்னர் அலெக்சாந்தரின் கல்லறை என்பன. இம்மூன்றும் இன்று இல்லை. கல்லறை இருந்த இடம் எது என்பதுகூட உறுதியாகத் தெரியவில்லை. ஆகவே, படிக்காமல் செல்பவர் ஒரு நெரிசலான துறைமுக நகரை மட்டுமே கண்டு திரும்புவர். கற்றுச் செல்பவருக்கோ இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் கண்முன் விரியும். இந்நகருக்கான பயணத் திட்டம் நூலகத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நகரின் தோற்றமும் அமைப்பும்

கி.மு. 331-இல் அலெக்சாந்தர் இந்நகருக்கு அடிகோலினார். அவருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி மரபினர் இதனைத் தலைநகராக்கினர். வடக்கே கடலும் தெற்கே மர்யூத் ஏரியும் எல்லைகளாக அமைய, இடையே நீண்ட பட்டை போன்ற நிலத்தில் நகர் கிடக்கின்றது. கரைக்கு எதிரே ஃபாரோஸ் என்னும் சிறு தீவு இருந்தது. அதனைக் கரையோடு இணைக்க ஏழு ஸ்டேடியம் நீளமுள்ள அணைவழி ஒன்று அமைக்கப்பட்டது. காலப்போக்கில் அதன் இருபுறமும் மணல் படிந்து அகன்று, இன்று மக்கள் நெருங்கி வாழும் பகுதியாகிவிட்டது. அவ்வழியே நடப்பவர், ஒரு காலத்துக் கடலின் மீதே தாம் நடக்கின்றோம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

முசிறியும் அலெக்சாந்திரியாவும்

தமிழ் பயில்வோர்க்கு இந்நகர் அயலூர் அன்று. சங்கப் பாடல்கள் யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீளும் சேரர் துறைமுகமாகிய முசிறியைப் பாடுகின்றன. அக்கலங்களில் ஏறிய சரக்கு எங்கே சென்றது என்னும் வினாவுக்கு விடை தருவது, வியன்னா நகரில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் உள்ள ஒரு பாப்பிரசுச் சுவடி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இச்சுவடி 1985-இல் பதிப்பிக்கப்பெற்றது. முசிறி வணிகத்துக்காகப் பெற்ற கடன் பற்றிய ஒப்பந்தம் இதன் ஒரு பக்கத்தில் உள்ளது. செங்கடற்கரையில் இறக்கிய சரக்கை ஒட்டகங்களின் மீது ஏற்றிப் பாலைவனம் கடத்தல், கொப்டோஸ் நகர்ப் பண்டகசாலையில் சேர்த்தல், நைல் ஆற்றின் வழியே அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டு செல்லல், அங்கே நான்கில் ஒரு பங்கு சுங்கம் செலுத்துதல் ஆகியவை அதில் கூறப்பட்டுள்ளன. மறுபக்கத்தில் ஹெர்மபொலோன் என்னும் கப்பலின் சரக்கு மதிப்பிடப்பட்டுள்ளது. யானைத் தந்தம் அச்சரக்குகளுள் ஒன்று. அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் நிற்கும் தமிழர் இதனை நினைந்து நிற்றல் தகும்.

பருவமும் வழியும்

வெயில் மிகுந்த மாதங்களில் கெய்ரோ மக்கள் பெருந்திரளாக இக்கடற்கரைக்கு வருவதால் தங்குமிடம் கிடைத்தல் அரிது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் புயலும் வீசும். அப்புயல்களுக்கு 'நவ்வா' என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் மீனவர்கள் தனிப்பெயர் இட்டு, எதிர்பார்க்கும் நாளையும் குறித்து வைத்துள்ளனர். மார்ச், ஏப்ரல், அக்டோபர் மாதங்களே பயணத்துக்கு ஏற்றவை. ரமலான் மாதத்தில் காட்சியிடங்கள் முன்னதாகவே மூடப்படுவதுண்டு என்பதையும் கணக்கிற் கொள்ள வேண்டும். விசா விதிகள் அவ்வப்போது மாறுவதால், பயணச்சீட்டு எடுக்குமுன் தூதரகத்தில் கேட்டறிதல் நன்று.

கெய்ரோவின் ரம்ஸீஸ் நிலையத்திலிருந்து தொடர்வண்டியில் செல்வது எளிது. ஏறத்தாழ 210 கிலோமீட்டர் தொலைவுள்ள இப்பாதை 1856-இல் நிறைவெய்தியது. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய இருப்புப்பாதைகளுள் இதுவும் ஒன்று. அலெக்சாந்திரியாவில் முதலில் ஸீதி ஜாபிர் நிலையமும், முடிவில் மிஸ்ர் நிலையமும் வரும். பழைய நகரைக் காண விரும்புவோர் இறுதி நிலையத்திலேயே இறங்குதல் வேண்டும். வளைகுடா நாடுகளிற் பணிபுரிவோர், நகருக்குத் தென்மேற்கே உள்ள புர்ஜுல் அரப் விமான நிலையத்துக்கு நேரே வந்து இறங்கும் வாய்ப்பும் உண்டு. நகரை ஓரளவேனும் அறிய மூன்று நாள்கள் வேண்டும்.

முதல் நாள்: மேடுகள்

'கோம்' என்னும் அரபுச் சொல்லுக்கு மேடு என்பது பொருள். தமிழகத்திலும் தொல்பொருள்கள் கிடைக்கும் இடங்கள் பல மேடு என்றே வழங்குதல் ஒப்பு நோக்கத்தக்கது. மிஸ்ர் நிலையத்துக்கு அருகிலுள்ள கோமுத் திக்காவில் 1960 முதல் போலந்து நாட்டு ஆய்வாளர்கள் அகழ்ந்து, ரோமானிய அரங்கம் ஒன்றை வெளிக்கொணர்ந்தனர். பயணிகள் பலர் அரங்கத்தை மட்டும் கண்டு அகல்வர். அதனருகே வரிசையாக உள்ள விரிவுரைக் கூடங்களே நாம் நின்று நோக்க வேண்டியவை. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதி முதல் ஏழாம் நூற்றாண்டு வரை இயங்கிய இக்கூடங்களில், மூன்று சுவர்களையும் ஒட்டி மாணவர் அமரும் கற்படிகளும், நடுவே ஆசிரியரின் உயர்ந்த இருக்கையும் உள்ளன.

அங்கிருந்து தென்மேற்கே சென்றால் செரபேயம் கோயில் இருந்த குன்றில், 'பாம்பே தூண்' எனத் தவறாக வழங்கும் நெடுந்தூண் நிற்கின்றது. உண்மையில் அது பாம்பேக்கு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த ரோமப் பேரரசர் டயோகிளீசியனுக்காக நாட்டப்பட்டது. அண்மையிலுள்ள கோமுஷ் ஷுகாஃபா, அதாவது ஓட்டாஞ்சில்லு மேடு, பாறையைக் குடைந்து அமைத்த நிலத்தடிக் கல்லறைக் கூடம். 1900-இல் கழுதையொன்று குழியில் வீழ்ந்தமையால் இது வெளிப்பட்டது என்பர். எகிப்தியக் கடவுள் அனுபிஸ் இங்கே ரோமானியப் போர்வீரரின் உடையில் நிற்கின்றார். படிகள் மிகுதியாதலின் முதியோர் கவனமாக இறங்க வேண்டும்.

இரண்டாம் நாள்: கடற்கரை

தாலமி காலத்தில் கி.மு. 280-ஐ ஒட்டி எழுப்பப்பெற்ற கலங்கரை விளக்கம் நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. கீழே சதுரமும், நடுவே எண்கோணமும், மேலே வட்டமுமாக மூன்று அடுக்குகள் கொண்டது. நிலநடுக்கங்கள் பல அதனைச் சிதைத்தன. பயணப் பேரறிஞர் இப்னு பதூதா 1326-இல் கண்டபோது ஒரு பக்கம் இடிந்திருந்தாலும் உள்ளே செல்ல முடிந்தது. இடையில் அவர் தமிழகத்து மதுரை வரை வந்து, 1349-இல் மீண்டும் அங்கே சென்றபோது வாயிலை அணுகவும் இயலாதவாறு அது பாழ்பட்டிருந்தது. ஒரே மனிதரின் வாழ்நாளுக்குள் உலக அதிசயம் ஒன்று மறைந்த செய்தி இது. அவ்விடத்தில் மம்லூக் சுல்தான் காயித்பாய் 1477-இல் கோட்டை எழுப்பலானார். 1994-இல் பிரெஞ்சு ஆய்வாளர் குழுவினர் கோட்டையையொட்டிய கடலடியில் மாபெருங் கற்களையும் சிலைகளையும் கண்டறிந்தனர். இன்று அலைகள் கோட்டையை அரிக்காதவாறு முன்னே கான்கிரீட் கட்டைகள் அடுக்கப்பட்டுள்ளன.

கோட்டைக்கு அருகிலேயே அபுல் அப்பாஸ் அல்முர்ஸீ (ரஹ்) அவர்களின் பள்ளிவாசல் உள்ளது. ஸ்பெயினின் முர்ஸியாவிலிருந்து வந்து இங்கே அடங்கிய இப்பெரியார், ஷாதுலிய்யா தரீக்காவின் நிறுவனர் அபுல் ஹஸன் ஷாதுலீ (ரஹ்) அவர்களின் தலைமாணாக்கர். எதிரே, அவர்தம் மாணவரான இமாம் பூஸிரீ (ரஹ்) அவர்களின் பள்ளிவாசல். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நெஞ்சுருக ஓதப்படும் புர்தாவின் ஆசிரியர் இவரே.

மூன்றாம் நாள்: நூலகமும் ஒரு பழியும்

1892-இல் தொடங்கப்பெற்ற கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகம், நெடுங்காலம் மூடப்பட்டிருந்து 2023-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதனைக் கண்டபின் 2002-இல் திறக்கப்பெற்ற புதிய நூலகத்துக்குச் செல்லலாம். கடலை நோக்கிச் சாய்ந்த வட்டக் கூரையும், உலக மொழிகளின் எழுத்துகள் செதுக்கிய கருங்கற்சுவரும் அதன் அடையாளங்கள்.

பழைய நூலகத்தைக் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி எரித்தனர் என்னும் கதையைப் பயணி அங்கே கேட்க நேரலாம். நகரம் முஸ்லிம்கள் கைக்கு வந்தது 642-இல். இக்கதையோ ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுகள் கழித்து, அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ, இப்னுல் கிஃப்தீ ஆகியோர் நூல்களிலேயே தலைகாட்டுகின்றது. வெற்றியை வரவேற்காத, அதே நூற்றாண்டில் வாழ்ந்த நிக்கியு யோவான் என்னும் எகிப்திய ஆயரின் வரலாற்றில் இச்செய்தி இல்லை. ஆங்கில அறிஞர் ஆல்ஃபிரட் பட்லர் 1902-இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்து மறுத்தார். உருது மொழியில் மௌலானா ஷிப்லி நுஃமானியும் மறுத்தெழுதினார்.

பழியை மறுத்தவுடன் அதனை வேறொருவர் தலையில் ஏற்றுவதும் ஆய்வு நெறியன்று. கி.மு. 48-இல் சீசரின் போரில் எழுந்த தீ, மூன்றாம் நூற்றாண்டில் அரண்மனைப் பகுதியை அழித்த போர், 391-ஐ ஒட்டி நிகழ்ந்த செரபேயத்தின் வீழ்ச்சி, இவற்றினிடையே போற்றுவாரின்றித் தேய்ந்த ஆண்டுகள் எனக் காரணங்கள் பல. தீயினால் அழிந்த நூல்கள் எத்தனையோ. படியெடுப்பாரின்றி மக்கிய நூல்களும் உண்டு. ஓலைச்சுவடிகளைச் செல்லுக்கும் வெள்ளத்துக்கும் இரையாக்கிய நமக்கு இதனைப் பிறர் கூறி உணர்த்த வேண்டுவதில்லை.

நேரம் எஞ்சின், ஊர் திரும்புமுன் ஒருமுறை கோமுத் திக்காவின் விரிவுரைக் கூடத்துக்குச் செல்க. நூலகம் மறைந்த பின்னும் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆசிரியர் கற்பித்ததற்கும் மாணவர் கேட்டதற்கும் அக்கற்படிகளே சான்று.