‘என் லேப்டாப்பில் ஓடுதே!’: ஒரு கணினியில் ஓடும் பில்ட் இன்னொன்றில் ஏன் உடைகிறது?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பாசஞ்சர் ரயில் குழித்துறையைத் தாண்டியதும் பாறசாலையில் கேரளத்துக்குள் நுழைகிறது. அடுத்து நெய்யாற்றின்கரை, பாலராமபுரம். 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இந்த ஸ்டேஷன்கள் மனப்பாடம்.

1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை மாறியபோது விளவங்கோடும் கல்குளமும் இந்தப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா அந்தப் பக்கமே நின்றது. இன்றும் இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. ஆனால் கணினியில் இன்னொரு எல்லை இருக்கிறது. கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் படிப்பது லினக்ஸில். அரசின் ‘கைட்’ நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தனி இயங்குதளமே தருகிறது.

இப்போது ஒரு டீமை நினைத்துப் பாருங்கள். பாறசாலைக்காரருக்குக் கை பழகியது லினக்ஸ். மார்த்தாண்டத்திலிருந்து வருபவருக்கு விண்டோஸ். டீம் லீடிடம் மேக். ஒரே கோட், மூன்று கணினிகள். ரிலீஸுக்கு முந்தின நாள் ராத்திரி ஒருவர் சொல்கிறார்: “என் மெஷின்ல ஓடுதே!” அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் பழி பெரும்பாலும் டீமின் புதுமுகத்தின் மேல்தான் விழுகிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

‘பில்ட் ஃபெயில்’ என்பது ஒரே நோய் அல்ல. எந்தக் கட்டத்தில் உடைந்தது என்று பாருங்கள். கோட் இறங்கும்போதா, கம்பைல் ஆகும்போதா, லைப்ரரிகளை இணைக்கும்போதா, ஓட்டும்போதா? பிழைச் செய்தி நூறு வரி வந்தாலும் பதறாதீங்க. கடைசி வரியைப் பிடித்துத் தொங்காமல், மேலே போய் முதல் பிழையைப் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் வால்தான்.

ஒரே பெயர், இரண்டு கோப்பு

லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. விண்டோஸும் மேக்கும் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். அதனால் கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கி, கோடில் நீங்கள் சின்ன எழுத்தில் அழைத்திருந்தால், உங்கள் விண்டோஸில் ஓடும். லினக்ஸ் சர்வரில் ‘கோப்பே இல்லை’ என்று வரும்.

இதற்கு நல்ல உதாரணம் லினக்ஸ் கெர்னலேதான். அதன் நெட்ஃபில்டர் பகுதியில் எழுத்தின் அளவு மட்டும் மாறும் இரட்டைப் பெயர்க் கோப்புகள் உண்டு. அதைச் சாதாரண மேக்கில் இறக்கினால் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிவிடும். அதே கெர்னலில் ‘ஆக்ஸ்’ என்ற பெயரில் ஒரு சி கோப்பும் இருக்கிறது. டாஸ் காலத்திலிருந்தே அது ஒரு சாதனத்துக்கு ஒதுக்கப்பட்ட பெயர் என்பதால், விண்டோஸின் பல பதிப்புகள் அதைக் கோப்புப் பெயராக ஏற்பதில்லை.

தீர்வு: கோப்புப் பெயர்கள் எல்லாம் சின்ன எழுத்தில் என்று டீமில் முடிவு செய்யுங்கள். எழுத்தின் அளவை மட்டும் மாற்றினால் விண்டோஸிலும் மேக்கிலும் கிட் அதைக் கவனிக்காமல் விடலாம். ‘கிட் எம்வி’ கட்டளையால் மாற்றுங்கள். விண்டோஸில் முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டினாலும் பல கருவிகள் திணறும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் புதைக்காமல், மேல் மட்டத்திலேயே வைத்துப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து

ஒரு வரி முடிந்தது என்று காட்ட லினக்ஸும் மேக்கும் ஒரே குறியை வைக்கின்றன. விண்டோஸ் இரண்டு வைக்கிறது. டெலிடைப் இயந்திரத்தில் அச்சுத் தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுபோக ஒன்று, தாளை ஒரு வரி நகர்த்த ஒன்று என்று இருந்த வழக்கத்தின் மிச்சம் அது.

விண்டோஸுக்கான கிட்டை நிறுவும்போது வரும் வழக்கமான தேர்வை அப்படியே விட்டால், கோடை இறக்கும்போது வரி முடிவுகள் விண்டோஸ் பாணிக்கு மாறும். அந்த ஷெல் ஸ்கிரிப்டை டாக்கர் கன்டெய்னரில் ஓட்டினால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று வரும். கோப்பு கண் முன்னாடியே இருக்கும்! காரணம், ஸ்கிரிப்டின் முதல் வரியில் உள்ள ஷெல்லின் பெயரோடு அந்தக் கூடுதல் குறியும் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒரு ஷெல் உண்மையிலேயே இல்லை.

தீர்வு: ‘கிட்ஆட்ரிப்யூட்ஸ்’ கோப்பில், ஷெல் ஸ்கிரிப்டுகளின் வரிகள் எப்போதும் லினக்ஸ் பாணியில் முடிய வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அது ப்ராஜெக்ட்டோடே போகும். யாருடைய செட்டிங்ஸையும் நம்ப வேண்டியதில்லை.

தமிழ் இருந்தால் கூடுதல் கவனம்

இது நம்ம பிரச்சினை. பைத்தானில் என்கோடிங் சொல்லாமல் ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்தால் லினக்ஸிலும் மேக்கிலும் சிக்கலின்றி ஓடும். பைத்தான் 3.15-க்கு முந்தைய பதிப்புகள் விண்டோஸில் அதன் பழைய எழுத்துப் பட்டியலை எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் ஆங்கில விண்டோஸ் வைத்திருந்தால் அது பெரும்பாலும் 1252 என்ற பட்டியல்.

உடைவது எந்த இடத்தில் தெரியுமா? மெய்யெழுத்தின் புள்ளியில். யுடிஎஃப்-8 முறையில் புள்ளி 3 பைட். அதன் கடைசி பைட்டுக்கு அந்தப் பழைய பட்டியலில் எழுத்தே கிடையாது. ‘அம்மா’ என்று எழுதியிருந்தாலே போதும், நிரல் நின்றுவிடும். ‘கதை’ என்று மட்டும் இருந்தால் நிற்காமல் ஓடி, குப்பை எழுத்தாக வரும். அது இன்னும் ஆபத்து. கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்வதே மருந்து.

இன்னொன்று: ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. லினக்ஸில் அவை இரண்டு தனித்தனிக் கோப்புகள். மேக்கின் பழைய கோப்பு முறை பெயரைப் பிரித்தே சேமித்தது. எனவே கோப்புப் பெயரை ஆங்கில எழுத்திலும், உள்ளடக்கத்தைத் தமிழிலும் வைப்பது பாதுகாப்பு.

லினக்ஸிலிருந்து லினக்ஸுக்கே உடைவது ஏன்?

உபுண்டு 22.04-இல் உருவாக்கிய நிரலை 20.04 உள்ள கணினியில் வைத்தால், ‘ஜிலிப்சி 2.34 இல்லை’ என்ற பிழை அடிக்கடி வரும். ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி. 22.04-இல் இருப்பது 2.35, 20.04-இல் 2.31. பழையதில் உருவாக்கியது பொதுவாகப் புதியதில் ஓடும். தலைகீழாக ஓடாது. ஆகவே, நீங்கள் ஆதரிக்க வேண்டிய மிகப் பழைய பதிப்பில் வைத்துத்தான் பில்ட் செய்ய வேண்டும்.

சிப்பும் ஒரு காரணம். 2020 நவம்பரில் எம்1 வந்த பிறகு புது மேக்குகள் ஆர்ம் வகைக்கு மாறின. அங்கே உருவாக்கிய டாக்கர் இமேஜை இன்டெல் சர்வரில் ஏற்றினால் ‘எக்செக் ஃபார்மட் எரர்’ வரும். இமேஜை உருவாக்கும்போதே எந்த சிப்புக்கு என்று சொல்லிவிடுங்கள்.

சி மொழியில் எழுதுபவர்களுக்கு: 64-பிட் லினக்ஸிலும் மேக்கிலும் ‘லாங்’ 8 பைட். விண்டோஸில் 4 பைட்தான். கம்பைல் ஆகிவிடும், கணக்கு தப்பும். அளவு குறித்த வகைகளையே பயன்படுத்துங்கள்.

எப்படித் தேடுவது?

1. ரெப்போவைப் புதிய ஃபோல்டரில் மறுபடி இறக்கி பில்ட் செய்யுங்கள். உங்கள் கணினியிலேயே உடைந்தால், கமிட் ஆகாத கோப்பு ஏதோ இருக்கிறது.

2. இயங்குதளம், சிப், கம்பைலர், லைப்ரரி பதிப்புகளை இரண்டு கணினியிலும் எழுதிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிச் சரியானால், எது சரி செய்தது என்றே தெரியாது.

4. பிழையைக் காட்டும் மிகச் சிறிய நிரலாகச் சுருக்குங்கள். பாதி நேரம் சுருக்கும்போதே விடை தெரிந்துவிடும்.

5. லாக் ஃபைல் வைத்து லைப்ரரி பதிப்புகளைப் பூட்டுங்கள்.

இதையெல்லாம் ரிலீஸுக்கு முந்தின நாள் செய்யாமல், முதல் நாளே தானியங்கிச் சோதனையாக வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் பில்ட் ஓட்டலாம். பொது ரெப்போவுக்குச் சாதாரண ரன்னர்கள் இலவசம்.

பாலராமபுரம் நெசவுக்குப் பேர் வாங்கித் தந்தது குழித்தறி. அது தரையோடு அமைந்தது. தூக்கிக்கொண்டு போக முடியாது. பயனரின் கணினியும் அப்படித்தான். அதை நாம் மாற்ற முடியாது, அதற்கேற்ற மாதிரி நம் கோடைத்தான் தயார் செய்ய வேண்டும். அடுத்த முறை யாராவது “என் மெஷின்ல ஓடுதே” என்றால் சண்டைக்குப் போகாதீங்க. “சரி, ரெண்டு மெஷினுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேளுங்கள். அங்கிருந்துதான் தேடல் தொடங்குகிறது.