இரைப்பைக்குள் ஊசி போடும் கிருமி



“நேரத்துக்குச் சாப்பிடவில்லை, காரம் அதிகம், கவலை அதிகம், அதனால் வந்த அல்சர்.” வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம் இதுவே. மருத்துவர்களும் இதையே நம்பினார்கள். நோயாளி பத்தியம் இருந்தார். அமிலத்தைக் குறைக்கும் மருந்தை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டார். சிலருக்கு இரைப்பையின் ஒரு பகுதியே வெட்டி எடுக்கப்பட்டது. வேதனையோடு, தன் நோய்க்குத் தானே காரணம் என்ற பழியையும் அவர் சுமந்தார். அந்தப் பழி எவ்வாறு நீங்கியது என்பதை இம்முறை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், நோயியல் நிபுணர் ராபின் வாரன் 1979ஆம் ஆண்டில் அழற்சி கண்ட இரைப்பைத் திசுக்களில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டார். அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் வாழாது என்பதே அன்றைய எண்ணம். இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கப் பலமுறை முயன்றும் பயனில்லை. இரண்டு நாளில் ஒன்றும் வளராவிட்டால் தட்டை எறிந்துவிடுவது அங்கே வழக்கம். 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் ஐந்து நாட்கள் அப்படியே இருந்துவிட்டன. வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது! அதுவே ஹெலிகோபாக்டர் பைலோரி.

பலர் இதை நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அக்கிருமி கலந்த கரைசலைத் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தி கண்டது. பத்தாம் நாள் எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கிருமி எவ்வாறு தீங்கு செய்கிறது? முதலில் இரைப்பையின் சளிப் படலத்துக்குள் புகுந்து, அங்குள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. பிறகு, இதன் சில வகைகள் நாங்கள் ஊசி போடுவதைப் போலவே செய்கின்றன. ஊசி போன்ற நுண்ணிய அமைப்பை இரைப்பையின் உயிரணுவோடு பொருத்தி, ‘காக்-ஏ’ என்னும் புரதத்தை உள்ளே செலுத்துகின்றன. அந்த அந்நியப் புரதத்தின்மேல் நமது உயிரணுவின் நொதிகளே பாஸ்பேட்டை ஒட்டிவிடுகின்றன. பின்பு அது வீட்டு மனிதர் போல நடமாடி, உயிரணுவின் வளர்ச்சிக் கட்டளைகளை மாற்றுகிறது. அண்டையிலுள்ள உயிரணுக்களோடு உள்ள பிணைப்பும் தளர்கிறது.

அதே ஊசி வழியாகக் கிருமியின் வேறு சில துணுக்குகளும் நுழைகின்றன. உயிரணு அபாயக் குரல் எழுப்புகிறது. இன்டர்லூக்கின்-8 என்னும் பொருளைச் சுரந்து வெள்ளணுக்களை அழைக்கிறது. அவை படையாகத் திரண்டு வருகின்றன. கிருமியோ சளிக்குள் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அடிபடுவது நம் இரைப்பைச் சுவரே. ஆண்டுக்கணக்கில் ஓயாத இந்தப் போரே அழற்சி. அதிலிருந்தே புண் உண்டாகிறது.

கிருமியுள்ள எல்லாருக்கும் இப்படி நேர்வதில்லை. உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இது உண்டு. அவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்குப் புண் வரலாம். ஓரிருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 1994இல் இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது.

ஆறுதலான செய்தி இது: கிருமியை ஒழித்தால் போர் ஓய்கிறது, புண் ஆறுகிறது. மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி ஆகியவற்றால் கிருமியைக் கண்டறியலாம். இரண்டோ அதற்கு மேலோ ஆன்டிபயாடிக் மருந்துகளோடு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும், பெரும்பாலும் 14 நாட்கள் கொடுக்கப்படும். வலி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். நான்கு வாரங்களாவது கழித்து மறுபரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

எல்லாப் புண்ணும் கிருமியால் வருவதில்லை. ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளாலும் வரும். ஆகவே மருத்துவரைக் கேளாமல் மருந்து வாங்க வேண்டாம். மலம் கறுத்துப் போனாலும், இரத்த வாந்தி கண்டாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

இனி உங்கள் வீட்டில் யாரேனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டால், “கவலைப்பட்டே வரவழைத்துக்கொண்டாய்” என்று சொல்லாதிருங்கள். பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.